வாங்கிய ஆயுதம் யாருடையது? படைத்துறை மென்பொருள் கொள்முதலின் அரை நூற்றாண்டு

1995-ல் பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சகம் போயிங் நிறுவனத்திடம் 14 சினூக் ஹெலிகாப்டர்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அவற்றில் எட்டு, சிறப்புப் படையினருக்கான மார்க் 3 வகை. சுமார் 25.9 கோடி பவுண்டு விலையில் 2001 டிசம்பரில் எட்டும் வந்து சேர்ந்தன. எஞ்சினில் குறையில்லை, சுழலியில் பழுதில்லை. ஆனால் அவை பறக்க ஒரு நிபந்தனை இருந்தது: வானில் மேகம் இருக்கக் கூடாது, 500 அடிக்கு மேலே பறக்க வேண்டும், விமானி தரையிலுள்ள அடையாளங்களைப் பார்த்தே வழி கண்டுபிடிக்க வேண்டும். இருளிலும் மோசமான வானிலையிலும் எதிரி மண்ணுக்குள் ஊடுருவவென்று வாங்கிய ஹெலிகாப்டருக்கு இப்படியொரு கட்டுப்பாடு!

விமானி அறையின் மென்பொருள் பாதுகாப்பானது என்று சான்றளிக்க பிரிட்டிஷ் அதிகாரிகளால் முடியவில்லை என்பதே காரணம். சான்றளிக்க வேண்டுமானால் நிரலையும் அதன் ஆவணங்களையும் உள்ளே புகுந்து ஆராய வேண்டும். அவற்றைத் தர வேண்டும் என்ற ஷரத்து ஒப்பந்தத்தில் தெளிவாக இல்லை. ஆப்கானிஸ்தானில் படையினர் ஹெலிகாப்டர் பற்றாக்குறையில் தவித்த ஆண்டுகளில் இந்த எட்டும் கொட்டகையில் நின்றன. கடைசியில் 2007-ல், நவீனக் கருவிகளைக் கழற்றிவிட்டு அவற்றைப் பழைய வகையாகவே மாற்றிக்கொள்வது என்று முடிவானது. மொத்தச் செலவு 42 கோடி பவுண்டைத் தாண்டும் என்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2008-ல் கணக்கிட்டது.

ஒரு படை விலை கொடுத்து வாங்கிய ஆயுதம் உண்மையில் அதற்குச் சொந்தமாவது எப்போது? கடந்த அரை நூற்றாண்டில் அமெரிக்கா, பிரிட்டன், இந்தியா ஆகிய நாடுகள் இக்கேள்வியோடு மல்லுக்கட்டிய விதத்தை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

மற்ற தளவாடங்களிலிருந்து மென்பொருள் வேறுபடும் இடம்

பீரங்கிக் குண்டு வாங்குவதற்கான நடைமுறை எல்லா நாடுகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தேவையை எழுது, டெண்டர் விடு, மாதிரியைச் சோதி, விலை பேசு, வாங்கிக் கிடங்கில் வை. இந்த வரிசைக்கு அடியில் மூன்று அனுமானங்கள் உள்ளன. தேவையை முன்கூட்டியே முழுமையாக எழுதிவிடலாம். பொருளைக் கண்ணால் பார்த்தும் கையால் அளந்தும் தரம் காணலாம். கைக்கு வந்தபின் பராமரித்தால் போதும்.

மென்பொருளிடம் மூன்றுமே எடுபடுவதில்லை. திரையில் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் தனக்கு என்ன வேண்டும் என்பதே படைவீரருக்குத் தெரிகிறது. லட்சக்கணக்கான வரிகள் கொண்ட நிரலின் எல்லாப் பாதைகளையும் சோதித்து முடிப்பது நடைமுறையில் இயலாது. மூன்றாவதுதான் முக்கியம்: நிரல் துருப்பிடிக்காது, ஆனால் அதைச் சுற்றியுள்ள போர்க்களம் மாறிக்கொண்டே இருக்கும். எதிரி புதிய ரேடாரைக் கொண்டுவருவான். நாம் புதிய ஏவுகணையைப் பொருத்த வேண்டியிருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிரலைத் திருத்தியாக வேண்டும்.

அரசின் நிதிக் கணக்கும் இதற்கு ஒத்துவருவதில்லை. அமெரிக்காவில் ஆராய்ச்சி, கொள்முதல், பராமரிப்பு என்று தனித்தனித் தலைப்புகளில் பணம் ஒதுக்கப்படுகிறது; இந்தியாவில் மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்ற பிரிவினை. ஒரே வாரத்தில் ஒரே குழு ஒரு பிழையைத் திருத்தி, ஒரு புதிய வசதியைச் சேர்த்து, அடுத்த ஒன்றைச் சோதித்துப் பார்க்கும்போது அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கணக்கு அலுவலர் திணறுகிறார்.

ஆணை போட்டு அடக்கப் பார்த்த காலம்

1968-ல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோவின் அறிவியல் குழு கூட்டிய மாநாட்டில்தான் 'மென்பொருள் நெருக்கடி' என்ற பேச்சு உரத்து எழுந்தது. திட்டங்கள் தாமதமாகின்றன, செலவு எகிறுகிறது, வந்து சேர்வது நம்பகமாக இல்லை என்று வல்லுநர்கள் அங்கே ஒப்புக்கொண்டனர். இதற்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை முதலில் தேடிய மருந்து, சீர்மை.

1970-களில் அத்துறையின் திட்டங்களில் 450-க்கும் மேற்பட்ட நிரல் மொழிகளும் அவற்றின் கிளைகளும் புழங்கின. ஒரு திட்டத்தில் வேலை பழகியவர் இன்னொன்றில் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு மொழியை உருவாக்க 1975-ல் ஒரு பணிக்குழு அமைந்தது. போட்டியில் வென்றது பிரான்சில் ழான் இஷ்பியா தலைமையிலான குழு வடிவமைத்த மொழி. முதல் நிரலர் என்று போற்றப்படும் அடா லவ்லேஸின் பெயரால் அது 'அடா' ஆனது. அவர் பிறந்த 1815-ஆம் ஆண்டே தரநிலையின் எண்ணாகவும் ஆனது. பிழைகளை முன்கூட்டியே பிடிக்கும் நல்ல மொழி அது. ஆனால் கட்டாயமாக்கியபோது வணிக உலகம் சி, சி++ என்று வேறு திசையில் போய்விட்டது. கருவிகளும் ஆட்களும் அங்கேதான் மலிவாகக் கிடைத்தனர். விதிவிலக்கு கேட்டு மனுக்கள் பெருகின. 1997-ல் கட்டாயம் கைவிடப்பட்டது.

மொழியைப் போலவே நடைமுறைக்கும் ஆணை பிறந்தது. 1985-ல் வந்த 2167 என்ற ராணுவத் தரநிலை, தேவை, வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை என்று படிப்படியாக இறங்கும் 'அருவி முறை'யையே ஒப்பந்ததாரர்களின் வழக்கமாக்கிவிட்டது. ஒவ்வொரு படியிலும் கட்டுக்கட்டாக ஆவணம் தர வேண்டும். அம்முறையை 1970-ல் படமாக வரைந்து காட்டிய வின்ஸ்டன் ராய்ஸ், அதை அப்படியே பின்பற்றுவது ஆபத்தானது என்று அதே கட்டுரையிலேயே எச்சரித்திருந்தார். படம் நின்றது, எச்சரிக்கை காற்றில் போனது.

ஐபிஎம் நிறுவனத்தில் பெருந்திட்டம் நடத்திப் புகழ்பெற்ற பிரெட் புரூக்ஸ் தலைமையில் ஒரு குழு 1987-ல் தந்த அறிக்கை இவ்வழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. படைத்துறை மென்பொருளின் பெரிய சிக்கல்கள் தொழில்நுட்பத்தில் இல்லை, நிர்வாகத்தில் இருக்கின்றன. சிறிதாகச் செய்து, பயன்படுத்துவோரிடம் காட்டி, வளர்த்துச் செல்லுங்கள் என்றது அக்குழு. அந்த அறிவுரை கொள்முதல் விதியாக முழு வடிவம் பெற முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

இக்காலத்தின் முயற்சிகளில் ஒன்று எதிர்பாராத இடத்தில் பலன் தந்தது. ஒப்பந்ததாரர்களின் திறனை எடைபோட ஒரு அளவுகோல் வேண்டும் என்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1984-ல் மென்பொருள் பொறியியல் நிறுவனத்தை நிறுவியது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. அங்கே வாட்ஸ் ஹம்ப்ரி வழிகாட்டலில் உருவானதுதான் சிஎம்எம் என்ற ஐந்து படிநிலை மதிப்பீடு. பெங்களூருவிலும் சென்னையிலும் ஐடி நிறுவனங்களின் வரவேற்பறைகளில் 'லெவல் 5' சான்றிதழ்களாக ஒரு காலத்தில் மின்னியது அதுதான். அமெரிக்க ராணுவம் தன் விற்பனையாளர்களை அளக்கச் செய்த கோல், இந்திய நிறுவனங்கள் உலகச் சந்தைக்குள் நுழையும் அனுமதிச் சீட்டானது.

பிழைதிருத்தம் ஒரு நாள் பிந்தியது

நிர்வாகக் குறை உயிரைக் குடிக்கும் என்பதற்கு 1991 பிப்ரவரி 25 சாட்சி. சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த கட்டடத்தை ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை தாக்கியது. 28 பேர் இறந்தனர். அங்கே காவலுக்கு நின்ற பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு, வந்த ஏவுகணையை எதிர்க்கவே இல்லை.

அந்த அமைப்பின் கணினி, நேரத்தைப் பத்தில் ஒரு விநாடி என்ற அலகில் எண்ணியது. இரும எண்முறையில் பத்தில் ஒன்றைத் துல்லியமாக எழுத முடியாது. 24 பிட்டுக்குள் வெட்டி எழுதும்போது மிகச் சிறிய பிழை சேரும். ஓட ஓட அப்பிழை பெருகும். தொடர்ந்து 100 மணி நேரம் ஓடிய நிலையில் அது சுமார் 0.34 விநாடி ஆனது. ஸ்கட்டின் வேகத்தில் அது அரை கிலோமீட்டருக்கும் மேலான விலகல். ரேடார் தவறான இடத்தில் தேடியது, எதுவும் தென்படவில்லை.

இது யாருக்கும் தெரியாத பிழை என்று சொல்வதற்கில்லை. எட்டு மணி நேரம் ஓடினாலே குறி விலகத் தொடங்குகிறது என்று இஸ்ரேல் பிப்ரவரி 11-ஆம் தேதியே தகவல் தந்திருந்தது. 16-ஆம் தேதி திருத்திய மென்பொருள் தயாராகிவிட்டது. 21-ஆம் தேதி, 'மிக நீண்ட நேரம்' ஓடவிட்டால் விலகல் வரும் என்று படைப்பிரிவுகளுக்குச் செய்தி போனது. எத்தனை மணி நேரம் என்று அதில் இல்லை. நிறுத்தி மீண்டும் இயக்கியிருந்தால் பிழை சுழியமாகியிருக்கும். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்தது பிப்ரவரி 26, தாக்குதலுக்கு மறுநாள்.

ஐரோப்பாவில் சோவியத் விமானங்களுக்கு எதிராக, அடிக்கடி இடம் மாற்றி, சில மணி நேரமே ஓட்டுவதாகக் கருதி வடிவமைக்கப்பட்ட அமைப்பு அது. பாலைவனத்தில் ஒரே இடத்தில் நாள்கணக்கில் நின்று ஏவுகணையை மறிக்கும் வேலை பின்னால் வந்து சேர்ந்தது. பயன்பாடு மாறினால் நிரலை மறுபடி ஆராய்வதும், திருத்தத்தைக் களத்துக்கு மணிக்கணக்கில் கொண்டுசேர்ப்பதும் கொள்முதலின் பகுதிதான் என்பதை அந்த 28 மரணங்கள் எழுதி வைத்துவிட்டன.

பணம் கரைந்த திட்டங்கள்

அமெரிக்க விமானப்படை தன் 200-க்கும் மேற்பட்ட பழைய தளவாடக் கணக்கு அமைப்புகளை ஒன்றாக்க ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஏழெட்டு ஆண்டுகளில் சுமார் 103 கோடி டாலர் செலவானது. கேட்டதில் கால் பங்கைப் பெறவே இன்னும் 110 கோடி டாலர் தேவை என்று தெரிந்ததும் 2012 நவம்பரில் திட்டம் மூடப்பட்டது. கடைச்சரக்கு மென்பொருளை வாங்கிவிட்டு, தன் பழைய பழக்கவழக்கங்களுக்கு ஏற்ப அதை வளைக்கப் பார்த்ததும், தன்னிடம் என்னென்ன அமைப்புகள் உள்ளன என்பதே தனக்குச் சரியாகத் தெரியாமல் இறங்கியதும் தோல்விக்கு வழிவகுத்தன.

எப்-35 போர் விமானம் இதைவிடச் சிக்கலான பாடம். விமானத்துக்குள் மட்டும் 80 லட்சம் வரிகளுக்கு மேல் நிரல் ஓடுகிறது. உதிரிபாகத்தையும் பராமரிப்பையும் நிர்வகிக்க ஏலிஸ் என்ற தரைக்கணினி அமைப்பு இருந்தது. அதன் தரவில் பிழைகள் மலிந்ததால் பராமரிப்பாளர்கள் தனியாகக் கணக்கு எழுதிவைத்துச் சமாளித்தனர். 2020-ல் அதற்கு மாற்று அமைப்பு அறிவிக்கப்பட்டது. பின்னர் புதிய கணினித் தொகுதிக்கான மென்பொருள் முதிராததால், 2023 ஜூலை முதல் ஓராண்டு காலம் புதிய விமானங்களை அமெரிக்க அரசு ஏற்கவில்லை. தயாரித்த விமானங்கள் தொழிற்சாலையிலேயே வரிசைகட்டி நின்றன. பயிற்சிக்கு மட்டும் உதவும் குறைந்த பதிப்போடு 2024 ஜூலையில் ஒப்படைப்பு மீண்டும் தொடங்கியது.

தொடக்க ஒப்பந்தத்தில் தொழில்நுட்பத் தரவுக்கான உரிமையை அரசு கேட்டுப் பெறாதது பெரும் தவறு என்று விமானப்படைச் செயலர் பிராங்க் கெண்டல் 2023-ல் வெளிப்படையாகச் சொன்னார். விற்ற பிறகும் வீட்டுச் சாவி விற்றவர் இடுப்பிலேயே தொங்கினால், கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் கூலி கேட்பார். கூட்டாளி நாடுகளின் நிலை இன்னும் மோசம். மூல நிரலை அணுகும் உரிமை தராவிட்டால் விலகிவிடுவோம் என்று பிரிட்டன் 2006-ல் போர்க்கொடி தூக்கியது. தலைவர்கள் மட்டத்தில் சமரசம் ஏற்பட்டது. தன் சொந்த மின்னணுப் போர்க் கருவிகளைச் சேர்த்துக்கொள்ளும் உரிமையை இஸ்ரேல் விடாப்பிடியாகப் பேரம் பேசி வாங்கியது.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. பல ஆண்டு முதலீட்டில் விளைந்த அறிவைக் கொடுத்துவிட்டால் அடுத்த ஒப்பந்தத்தில் போட்டியாளர் அதை வைத்தே ஜெயிப்பார். இதற்கு இடைவழியாக இணைப்பு முறையைத் திறந்த தரநிலையாக்கும் போக்கு வளர்கிறது. பெட்டிக்குள் இருப்பது நிறுவனத்தின் உடைமை. ஒரு பெட்டி இன்னொன்றோடு பேசும் முறை அரசின் உடைமை. 2019-க்குப் பின் தொடங்கும் பெரிய ஆயுதத் திட்டங்களுக்கு அமெரிக்கச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

புதிய பாதையும் அதன் எல்லையும்

2016-ல் அமெரிக்கப் படையினர் இயங்கும் கத்தாரின் அல் உதைத் தளத்துக்குச் சென்ற அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆலோசகர் குழு, வான்வழி எரிபொருள் நிரப்பும் விமானங்களின் அட்டவணையை வீரர்கள் வெள்ளைப் பலகையில் கையால் தயாரிப்பதைக் கண்டு திகைத்தது. அங்குள்ள வான் நடவடிக்கை மையத்தைக் கணினிமயமாக்கும் பெரிய ஒப்பந்தம் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. விமானப்படையே சிறு நிரலர் குழுவை அமைத்து, வீரர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, சில மாதங்களில் செயலியை முடித்தது. 2017-ல் பெரிய ஒப்பந்தம் ரத்தானது.

அமெரிக்க நாடாளுமன்ற உத்தரவின்படி ஆய்வு நடத்திய பாதுகாப்புப் புத்தாக்க வாரியம் 2019-ல் தந்த அறிக்கையின் சாரம், மென்பொருள் வேலைக்கு முடிவுத் தேதி கிடையாது என்பதே. 2020 அக்டோபரில் மென்பொருளுக்கென்று தனிக் கொள்முதல் பாதை வகுக்கப்பட்டது. பணம் ஒதுக்கிய ஓராண்டுக்குள் பயன்தரும் முதல் பதிப்பு களத்துக்கு வர வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. 2025 மார்ச்சில் இதுவே முன்னுரிமைப் பாதை என்று அறிவிக்கப்பட்டது.

உக்ரைன் போர் இந்த வேகத்தின் தேவையை உறுதிசெய்தது. ட்ரோன் ஒன்றின் அலைவரிசையை எதிரி முடக்கினால், சில வாரங்களில் மாற்று வந்தாக வேண்டும். ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அங்கே இடமில்லை.

ஆனால் வேகமே எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. அட்டவணை போடும் செயலியில் பிழை வந்தால் மறுநாள் திருத்தலாம். விமானத்தின் எஞ்சினை ஆளும் மென்பொருளில் அப்படிச் செய்ய முடியாது. 2015 மே 9 அன்று ஸ்பெயினின் செவில்லே அருகே ஏர்பஸ் ஏ400எம் ராணுவச் சரக்கு விமானம் விழுந்து நான்கு பேர் இறந்தனர். எஞ்சின் கட்டுப்பாட்டு அலகுகளில் மென்பொருளை ஏற்றியபோது தேவையான அளவீட்டுக் கோப்புகள் அழிந்துபோனதே காரணம். நிரல் கெட்டால் என்ன நேரும் என்பதைப் பொறுத்தே நடைமுறையின் கண்டிப்பு அமைய வேண்டும்.

இந்தியா: இரண்டு வெற்றிகளும் ஒரு குறையும்

கார்கில் போருக்குப் பின் நடந்த மறுஆய்வின் விளைவாக 2001-ல் பாதுகாப்புக் கொள்முதல் மன்றமும், 2002-ல் முறையான கொள்முதல் நடைமுறையும் வந்தன. அதன் புதிய பதிப்பு 2020 அக்டோபரில் அமலானது. தகவல் கோரல், தரத் தேவை வகுத்தல், தேவை ஏற்பு, டெண்டர், தொழில்நுட்ப மதிப்பீடு, களச்சோதனை, விலைப் பேச்சு, ஒப்புதல் என்று நீளும் ஏணி அது. ஊழலைத் தடுக்க ஒவ்வொரு படியிலும் கையெழுத்து. ஒவ்வொரு கையெழுத்துக்கும் காலம். தரத்தில் தேறியவர்களுள் குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர் என்ற விதி, குண்டுக்கும் காலணிக்கும் சரி. ஆண்டுதோறும் திருத்த வேண்டிய நிரலுக்கு, முதல் நாள் விலை மட்டும் உண்மை விலையைச் சொல்லாது. 2020 பதிப்பில் தகவல் தொழில்நுட்ப அமைப்புகளுக்குத் தனி அத்தியாயம் இருப்பது இதை உணர்ந்ததன் அடையாளம்.

குறைக்கு எடுத்துக்காட்டு, தரைப்படையின் போர்க்கள மேலாண்மை அமைப்பு. 2015-ல் இரண்டு இந்தியக் கூட்டமைப்புகள் தேர்வாயின. மாதிரி முழுமை பெறும் முன்பே, செலவையும் காலத்தையும் காரணம் காட்டித் திட்டம் கைவிடப்பட்டது.

மறுபக்கம், இந்தியா சாதித்த இரு இடங்கள் உண்டு. முதலாவது தேஜஸ் போர் விமானம். நிலைப்பற்ற வடிவம் கொண்ட அவ்விமானத்தைக் கணினியின் உதவியில்லாமல் ஓட்டவே முடியாது. அதன் பறப்புக் கட்டுப்பாட்டு அமைப்பில் அமெரிக்காவின் லாக்ஹீட் மார்ட்டின் உதவியது. 1998 மே பொக்ரான் அணுச் சோதனைக்குப் பின் பொருளாதாரத் தடை வந்ததும் நம் பொறியாளர்கள் அமெரிக்காவிலிருந்து வெளியேற்றப்பட்டனர். கருவிகளும் அங்கேயே மாட்டிக்கொண்டன. மிச்ச வேலையைப் பெங்களூருவில் தாங்களே முடித்தனர். 2001 ஜனவரி 4 அன்று விமானம் முதன்முறையாகப் பறந்தது.

இரண்டாவது சுகோய்-30 எம்கேஐ. 1996-ல் ரஷ்யாவோடு ஒப்பந்தம் செய்தபோது, விமானத்தின் பணிக் கணினிகள் இந்தியாவுடையவையாக இருக்க வேண்டும் என்று இந்தியா முடிவு செய்தது. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ அத்திட்டத்துக்குச் சூட்டிய பெயர் 'வெற்றிவேல்'. அன்றைய முடிவின் பலன் இருபது ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. இரண்டரை டன் பிரமோஸ் ஏவுகணையை அவ்விமானத்தில் பொருத்தியபோது மென்பொருளை விமானப்படைப் பொறியாளர்களே எழுதினர். இயந்திர, மின் மாற்றங்களை அரசு விமான நிறுவனமான எச்ஏஎல் செய்தது. 2017 நவம்பர் 22 அன்று சோதனை வென்றது. 2020 ஜனவரியில் பிரமோஸ் தாங்கிய சுகோய்களின் படைப்பிரிவு தஞ்சாவூரில் நிலைகொண்டது. வேறொருவரின் அனுமதிக்கும் விலைப்பட்டியலுக்கும் காத்திருக்காமல் ஆயுதத்தை மாற்றியமைக்க முடிந்ததற்குக் காரணம், மூளைப்பகுதி நம் கையில் இருந்ததும் அதைத் திருத்தத் தெரிந்த ஆட்கள் சீருடையிலேயே இருந்ததும்தான்.

தற்சார்பு இதோடு முழுமையாகிவிடாது. 83 தேஜஸ் மார்க் 1ஏ விமானங்களுக்கு 2021-ல் ஒப்பந்தம் போட்டும், அமெரிக்க எஞ்சின்கள் தாமதமானதால் ஒப்படைப்பு தள்ளிப்போனது. சீன உதிரிபாகங்கள் பற்றிய ஐயத்தால் 400 சரக்கு ட்ரோன்களுக்கான ஒப்பந்தங்கள் 2025-ல் ரத்தாயின. உள்ளே என்ன சில்லு, யார் எழுதிய நிரல் என்று வாங்கும் முன்பே திறந்து பார்க்கும் ஆய்வகம் எத்தனை அவசியம் என்பதை இது காட்டுகிறது. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சியை இணைத்து 2019-ல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம், உலோகப் பாகங்களோடு நின்றுவிடாமல் இத்தகைய சோதனைத் திறனையும் வளர்த்தால்தான் முழுப்பயன் தரும்.

மதிப்பீடு

மொழியைக் கட்டாயமாக்கியது, ஆவணங்களைக் குவித்தது, விலையைக் குறைத்தது, வேகத்தைக் கூட்டியது என அரை நூற்றாண்டில் முயன்ற மருந்துகள் பல. ஒவ்வொன்றும் ஓரளவே பலித்தது. பலித்த இடங்களில் பொதுவாகக் காணப்படுவது ஒன்றுதான்: வாங்குபவருக்கு விற்பவரோடு சமமாக உட்கார்ந்து பேசும் அறிவு இருந்தது. அது இல்லாத இடத்தில் எந்த விதிப்புத்தகமும் காப்பாற்றவில்லை. மூல நிரல் அலமாரியில் இருந்து, படிக்க ஆளில்லை என்றால் அதுவும் வெறும் காகிதமே.

எனவே இந்தியக் கொள்முதலில் நான்கு மாற்றங்கள் தேவை. நிரலையும் இணைப்பு முறையையும் ஆராயவும் திருத்தவும் உள்ள உரிமையை, பேரத்தில் நம் கை ஓங்கியிருக்கும்போதே, அதாவது கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். குறைந்த விலையைக் கணக்கிடும்போது இருபது ஆண்டுத் திருத்தச் செலவையும் சேர்க்க வேண்டும். அட்டவணைச் செயலிக்கும் பறப்புக் கட்டுப்பாட்டுக்கும் ஒரே நடைமுறை என்ற வழக்கத்தை விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றலாகிப் போகாத மென்பொருள் பொறியாளர் அணி ஒன்றை முப்படைகளும் பேணி வளர்க்க வேண்டும்.

ஆயுதத்தின் உரிமையாளர் யார் என்பதை ரசீது தீர்மானிப்பதில்லை. போர் மூண்ட மறுநாள் அதன் நிரலில் ஒரு வரியை மாற்ற யாரால் முடியுமோ, அவரே உரிமையாளர். அந்த ஆள் நம் படையில் இருக்கிறாரா என்ற கேள்விக்கு விடை தெரியாமல் எந்த ஒப்பந்தத்திலும் அரசு கையெழுத்திடக் கூடாது.